படகைப் பிடித்துக்கொண்டவர்: 'அமெச்சூர்' என்னும் சொல் குறித்து

இது சற்றே நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் இறுதிவரை வாசித்துத் தம் கருத்தைச் சொல்ல வேண்டுமென விரும்புகிறேன். படகில் தொடங்கும் இப்பேச்சு நம் ஆய்வேடுகளில்தான் வந்து முடிகிறது.

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், விடியுமுன் நான்கு மணிக்கு, ஐரோலியிலிருந்து எண்மர் வாடகை வேனொன்றில் புணே புறப்பட்டோம். மூவர் ஆய்வு மாணவர். இருவர் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரிவோர். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் வங்கி ஊழியர். எட்டாமவர் ஐரோலியை ஒட்டிய கோளிவாடாவைச் சேர்ந்த மீனவர். நான் அவரைத் 'தாதா' என்பேன்; அவர் என்னைத் 'தாயீ' என்பார். மராத்தியில் அண்ணன், அக்காள் என்பதற்கு நிகரான விளிகள். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் ஓர் ஏரியில் துடுப்புப் படகு பழகிவந்த எங்களுக்கு அதுவே முதற்போட்டி. சுக்கானி ஒருவரும் துடுப்பு வலிப்போர் நால்வரும் அமரும் படகில், புதியவர் பிரிவில், ஐந்நூறு மீட்டர் தொலைவு.

தாதாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தாணே கடற்கழியை இங்குள்ளோர் 'காடி' என்பர். அதன் ஏற்றவற்றத்தை நாட்காட்டி பாராமலே சொல்லக்கூடியவர் அவர். வலை வீசுவதும் சேற்றில் நண்டு பிடிப்பதும் குடும்பத் தொழில். பூநாரைகள் வரும் பருவத்தில், பார்வையாளரை ஏற்றிச் செல்லும் படகிலும் கூலிக்குச் செல்வதுண்டு. நீரைக் கண்டு அஞ்சிய எங்களுக்கு அச்சம் போக்கியவர் அவரே. ஆனால், மெலிந்து நீண்ட பந்தயப் படகில் முதன்முறை அமர்ந்தபோது எங்கள் எல்லோரினும் மிகுதியாகத் தடுமாறியவரும் அவர்தான். காடியில் அவர் முன்னோக்கி நின்று துடுப்புப் போடுபவர். பந்தயப் படகிலோ நகரும் இருக்கையில் பின்னோக்கி அமர்ந்து வலிக்க வேண்டும். துடுப்பின் அலகு நீரில் சிக்கி மீள மறுப்பதைத் துடுப்புக்காரர் 'நண்டு பிடித்தல்' என்பர். அப்பெயரைக் கேட்டு அன்று முழுவதும் சிரித்தார். தொழிலாக நண்டு பிடிப்பவர், அன்று எங்கள் கணக்கில் மிகுதியான நண்டுகளைப் பிடித்தார். நான்கு மாதத்தில், எங்கள் படகின் சீரையே நிறுவும் இருக்கைக்கு உரியவரானார்.

போட்டிக் கரையில் படிவம் நிரப்பும்போதுதான் சிக்கல் எழுந்தது. அமெச்சூர் புதியவர் பிரிவில், படகு தொடர்பான வேலையில் ஊதியம் பெறுவோர் கலந்துகொள்ளலாகாது என்று ஒரு வரி அதில் இருந்தது. தொழில் என்ற இடத்தில் அவர் உண்மையை எழுதியிருந்தார். அமைப்பாளர்கள் மரியாதையாகவே பேசினர்; விதியைக் காட்டினர்; உதவியாளராக அவர் கரையில் நிற்கலாம் என்றனர். நான் ஆங்கில வரியை அவருக்கு மராத்தியில் சொன்னேன். சிறிது நேரம் ஆற்றைப் பார்த்தார். பிறகு, "சரி, நீங்கள் ஏறுங்கள், படகை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். முழங்கால் அளவு நீரில், ஆகாயத்தாமரைகளை விலக்கி நின்று, நாங்கள் ஐவரும் ஏறி அமரும்வரை படகை அசையாமல் பிடித்துக்கொண்டார். மாற்று ஆளாக வந்திருந்த வங்கி ஊழியர் அவரிடத்தில் அமர்ந்தார். நான்கு படகுகளில் மூன்றாவதாக வந்தோம்.

தோல்வி குறித்து எனக்கு வருத்தமில்லை. அந்த வரியே இத்தனை நாளாக உறுத்துகிறது. யாரோ ஒருவர் அன்று சிந்தித்து எழுதிய வரியாக எனக்கு அது தோன்றவில்லை. எங்கிருந்தோ படியெடுக்கப்பட்டு, படியெடுத்ததிலிருந்து மீண்டும் படியெடுக்கப்பட்டு வந்த வரி அது. ஒரு சொல்லுக்குள் யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்பதற்கும் வரலாறு உண்டு. மொழியியல் பயின்றவள் என்ற முறையில் அதைத் தேடுவது என் கடமையாகப் பட்டது.

'அமெச்சூர்' பிரெஞ்சு வழி ஆங்கிலத்துக்கு வந்த சொல். இலத்தீன் மூலத்தில் 'அன்புடையவர்' என்பதே பொருள். ஒன்றை அதன்மீதுள்ள பற்றினாலேயே செய்பவர். இப்பொருளில் எவரையும் வெளியே நிறுத்தும் குறிப்பு ஏதுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேம்ஸ் ஆற்றங்கரையில்தான் இச்சொல்லுக்கு வேலி கட்டப்பட்டது. 1878இல் பட்னியில் கூடிய சங்கங்கள் அமெச்சூர் யார் எனப் பட்டியலிட்டன: தரைப்படை, கடற்படை அதிகாரிகள், ஆட்சிப்பணியாளர், கண்ணியத் தொழிலினர், பல்கலைக்கழகத்தார் முதலானோர். அடுத்த ஆண்டு, 1879இல், ஹென்லி போட்டியின் பொறுப்பாளர்கள் இதை எதிர்மறையாக வரையறுத்தனர். பணப்பரிசுக்குப் போட்டியிட்டவர், உடற்பயிற்சி கற்பித்துப் பிழைப்பவர், படகுகளில் கூலிக்கு வேலை செய்தவர் ஆகியோர் அமெச்சூர் அல்லர்; இவர்களோடு, கூலிக்கு உழைக்கும் கம்மியர், கைவினைஞர், தொழிலாளர் எவரும் அமெச்சூர் அல்லர். முதல் மூன்றையும் விளையாட்டின் நேர்மைக்கான விதிகள் என்று வாதிடலாம். இறுதி விதிக்கு அந்தச் சமாதானமும் இல்லை. செங்கல் அடுக்குபவர் துடுப்புப் போட்டியில் பெறும் நியாயமற்ற மேன்மை யாது? பல்கலைக்கழகத்தார் பிறவியிலேயே அமெச்சூர். தொழிலாளி எத்துணை அன்பு கொண்டாலும் அமெச்சூர் ஆகார்.

இவ்விடத்தில் மொழியியல் மாணவர்கள் நன்கறிந்த ஒருவர் குறுக்கிடுகிறார். ஃபிரெடெரிக் ஜேம்ஸ் ஃபர்னிவல் (1825–1910). பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியாக வளர்ந்த பெரும்பணியைத் தொடங்கிய மூவருள் ஒருவர். 1864இல் பழைய ஆங்கில நூற்பதிப்புக் கழகத்தை நிறுவியவர். அவர் ஆயுள் முழுவதும் துடுப்பு வலித்தவர் என்பதை நம் பாடங்கள் சொல்வதில்லை. உழைப்பாளர் கல்லூரியில் கற்பித்த அவர், தம் மாணவர்களோடு ஞாயிறுகளில் ஆற்றில் இறங்கினார். கைத்தொழிலாளரை விலக்கிய சங்கத்துக்கு மாற்றாக 1890இல் எழுந்த தேசிய அமெச்சூர் துடுப்புச் சங்கத்தின் முன்னணியில் நின்றார். 1896இல் ஹாமர்ஸ்மித்தில் பெண்களுக்கெனத் துடுப்புக் கழகம் தொடங்கினார். தேநீர்க் கடைகளில் பணிபுரிந்த பெண்கள் அங்கே படகு பழகினர். அக்கழகம் இன்றும் அவர் பெயரால் இயங்குகிறது.

ஆண்டை மீண்டும் பாருங்கள். ஹென்லி தன் வாயிலை உழைப்பாளருக்கு அடைத்த அதே 1879இல், ஃபர்னிவலின் முயற்சியால் அகராதிப் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மரே, ஆங்கிலம் பேசும், வாசிக்கும் அனைவரையும் நோக்கி வேண்டுகோள் விடுத்தார்: நூல்களைப் படியுங்கள், சொற்களின் ஆட்சியைத் தாளில் எழுதி அனுப்புங்கள். பட்டமோ பதவியோ கேட்கப்படவில்லை. மரே தாமே பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். வங்கி எழுத்தராக இருந்தவர். மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த ஒருவர் அகராதிக்குப் பெரும் பங்களிப்பாளரானது பலரும் அறிந்த கதை. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், 'அன்புடையவர்' என்ற கருத்துக்கு இரு எதிரெதிர் விளக்கங்கள் கிடைத்தன.

அமெச்சூரின் குறையையும் மறைக்கக் கூடாது. ஃபர்னிவலிடமிருந்து மரேக்கு வந்த சீட்டுகள் மூட்டை மூட்டையாகக் குழம்பிக் கிடந்தன. ஒரு மூட்டையில் சுண்டெலி குடும்பத்தோடு குடியிருந்தது. அவற்றை ஒழுங்குபடுத்த மரேயின் முறைமை தேவைப்பட்டது. தேர்ச்சிக்கு மதிப்பில்லை என்பது என் வாதமன்று. தேர்ச்சியை அளக்கும் கோல் வேறு, பிழைப்பை அளக்கும் கோல் வேறு என்பதே வாதம்.

துடுப்புலகின் வேலி எளிதில் விழவில்லை. 1920இல் அமெரிக்கரான ஜான் கெல்லியின் விண்ணப்பத்தை ஹென்லி ஏற்கவில்லை. அவர் செங்கல் வேலை செய்தவர்; அவரது கழகத்தின்மீது முன்பே ஒரு தடையும் இருந்தது. அவ்வாண்டே ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றார். 1936இல் ஆஸ்திரேலியாவின் எண்மர் அணி, உறுப்பினர்கள் காவல்துறையினர் என்பதால், ஹென்லியில் மறுக்கப்பட்டது. அதனால் எழுந்த எதிர்ப்புக்குப் பின், 1937இல்தான் கைத்தொழிலாளர் தடை நீங்கியது. ஒலிம்பிக் சாசனத்திலிருந்து 'அமெச்சூர்' என்ற நிபந்தனை 1970களில் விலகியது.

நம் நாட்டுக்கு இவ்விளையாட்டு அக்காலத்தில்தான் வந்தது. கல்கத்தாவில் 1858, கொழும்பில் 1864, சென்னையில் அடையாற்றங்கரையில் 1867, புணேயில் 1868 எனக் கழகங்கள் எழுந்தன. சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலான போட்டி 1898இல் தொடங்கியது. படகோடு விதியும், விதியோடு சொல்லும் கப்பலேறி வந்தன. சாதி ஏற்கெனவே வேலி கட்டியிருந்த மண்ணில் அச்சொல்லுக்கு வேர்பிடிக்க நேரம் ஆகவில்லை.

இதே புணேயில், துடுப்பில் அன்று, கிரிக்கெட்டில், இதற்கொரு முன்கதை உண்டு. 1876இல் பிறந்த பல்வங்கர் பாலு, தீண்டாமைக்கு ஆளான சாதியினர். ஆங்கிலேயர் கிரிக்கெட் ஆடிய இடத்தில் மைதானப் பணியாளராக ஆடுகளத்தைச் சீர்செய்தார். உறுப்பினர்களின் பயிற்சிக்காகப் பந்து வீசினார். கூலிக்குப் பந்து வீசியே இந்தியாவின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளரானார். பின்னர் இந்து அணியில் சேர்க்கப்பட்டபோதும், இடைவேளைத் தேநீர் அவருக்கு வெளியே, மண்குவளையில் தரப்பட்டது. 1911இன் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். களத்தைச் சீர்செய்பவர், ஆடுபவர் என்னும் பிரிவினையின் முன் அவரது தேர்ச்சி பல ஆண்டுகள் காத்து நிற்க வேண்டியிருந்தது. துடுப்பில் நம் காலத்துச் சான்று தத்து போகனள். வறட்சி மிகுந்த நாசிக் மாவட்டத்தில் தந்தையோடு கிணறு வெட்டிய அவர், படையில் சேர்ந்த பிறகே துடுப்புப் பழகினார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பதின்மூன்றாம் இடம் பெற்றார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் அணியில் தங்கம் வென்றார். ஹென்லியின் 1879ஆம் ஆண்டு விதிப்படி, கிணறு வெட்டிய அந்த இளைஞர் அமெச்சூர் அல்லர்.

தமிழில் இச்சொல் முதலில் காலூன்றியது மேடையில். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் கூலி பெறாமல் நடித்தனர்; அதனால் நாடகத்துக்கு மதிப்பு வந்தது என்று நாடக வரலாறுகள் பாராட்டுகின்றன. பாராட்டு தகும். ஆனால் அதன் மறுபக்கம், கூலி பெற்று ஆடியவர் 'கூத்தாடி'யாகவே நின்றார் என்பது. வேடிக்கை என்னவெனில், இன்று நாம் 'அமெச்சூர்த்தனம்' என்றால் அரைகுறை என்று பொருள் கொள்கிறோம். ஒரு நூற்றாண்டுக்குள் மேட்டுக்குடியின் பெருமிதச் சொல் வசைச்சொல்லாயிற்று. இரண்டு நிலையிலும் அது ஒருவரை வெளியே நிறுத்தவே பயன்பட்டது.

மராத்தியில் அமெச்சூருக்கு 'ஹௌஷீ' என்பர். ஆசை, விருப்பம் எனப் பொருள்படும் 'ஹௌஸ்' என்பதிலிருந்து. திருவிழாவுக்கு வருவோரை 'ஹௌஸே, நௌஸே, கௌஸே' என மூவகைப்படுத்தும் வழக்கு இங்குண்டு: ஆசைக்கு வந்தவர், நேர்த்திக்கு வந்தவர், கிடைத்ததைச் சுருட்ட வந்தவர். மூவரும் திருவிழாவுக்கு வரலாம் என்பதே அவ்வழக்கின் அழகு.

தமிழிலோ நாடக ஆய்வாளர் 'தொழில்முறை'க்கு எதிர்நிலையாகப் 'பயின்முறை' என்ற சொல்லை ஆண்டனர். இதை நான் பெரிதும் விரும்புகிறேன். பயில்தல் என்பது கற்றல் மட்டுமன்று. பழகுதலும் நெருங்கியிருத்தலும் அதன் பொருளில் அடங்கும். இச்சொல் ஊதியத்தைக் கேட்பதில்லை. ஒருவருக்கும் அவர் கலைக்கும் உள்ள நெருக்கத்தைக் கேட்கிறது. இதே போன்று, துடுப்பிடுதலுக்குத் 'தண்டு வலித்தல்' என்ற பழைய வழக்கு தமிழில் உண்டு. தமிழ் விவிலியம் வாசித்தோர் அறிவர். வலி என்றால் இழுத்தல். வலி என்றால் வலிமை. வலி என்றால் நோவு. மூன்றும் ஒரே வேரா, ஒலியொத்த தனிவேர்களா என்பது வேறு விவாதம். அன்று ஐந்நூறு மீட்டர் முடிவில் மூன்று பொருளும் என் தோளில் ஒருங்கே இருந்தன.

இனி, எதிர்வாதம். புதியவர்களோடு தொழில்முறையாளர் மோதுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமன்று; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காடியில் வலை வீசுபவர் பந்தயப் படகில் தொழில்முறையாளர் அல்லர் என்பதை அவர் பிடித்த 'நண்டு'களே சொல்லும். தேர்ச்சியை அளக்க வேண்டுமெனில், இப்படகில் எத்தனை மாதம் பயின்றார், எத்தனை போட்டியில் வென்றார் என்று கேளுங்கள். எதனால் சோறு உண்கிறார் என்பது அதற்கு விடையாகாது. அமைப்பாளர்களுக்கு இதையே கடிதமாக எழுதியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.

இவ்வளவும் பிறரைக் குறித்துச் சொன்னேன். இப்போது என்னைக் குறித்துச் சொல்ல வேண்டும்.

நான் தாராவியில் வளர்ந்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்களுள் ஒன்று எங்களுடையது. தாராவியும் முன்பு கோளி மீனவரின் ஊர்தான். மாகிம் கழியை நிரப்பியும் கெடுத்தும் அவர்களது நீரை இந்நகரம் எடுத்துக்கொண்டது. முதுகலை ஆய்வேட்டில் தாராவித் தமிழில் கலந்துள்ள மராத்தி, இந்திக் கூறுகளைப் பற்றி எழுதினேன். அதன் மிகச் சிறந்த இயல் என்று தேர்வாளர் பாராட்டியது, ஓர் அறுபது வயது அம்மாள் எனக்கு விளக்கிய ஒரு வேறுபாட்டைப் பற்றியது. மராத்தி வினை ஒன்றை எப்போது கலக்கலாம், எப்போது கலக்கலாகாது என்பதை எடுத்துக்காட்டுகளோடு பிரித்துக் காட்டியவர் அவர். தரவு தந்ததோடு அவர் நிற்கவில்லை. பகுப்பாய்வையும் அவரே செய்தார். என் ஆய்வேட்டில் அவர் 'தகவலாளி 4'. நன்றியுரையில் 'தாராவி மக்களுக்கு' என்று ஒரு வரி.

புணே ஆற்றில் தாதா படகைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் நினைவுக்கு வந்தது அந்த எண்தான். விதியைக் காட்டிய அமைப்பாளரை நான் மனத்துக்குள் கடிந்துகொண்டிருந்தேன். அதே விதியை நானும் கடைப்பிடித்தவள். மொழியைப் பேசிப் பிழைப்பவர் தகவலாளி. மொழியைப் பற்றி எழுதிப் பிழைப்பவர் ஆய்வாளர். 'தகவலாளி' என்பதை 'மொழி ஆலோசகர்' என்று மாற்றிவிட்டால் போதும் என நம் துறை அண்மைக்காலமாக நினைக்கிறது. சொல் மாறியது, படிவம் மாறவில்லை. கருத்தரங்குப் படிவங்களில் 'நிறுவனம்' என்ற கட்டத்தை நிரப்ப இயலாமல் திரும்பியவர்களை நாம் அறிவோம். நீதிபதியாக இருந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும், வழக்கறிஞராக இருந்த வையாபுரிப் பிள்ளையும், ஆட்சிப்பணியில் இருந்த ஐராவதம் மகாதேவனும் துறைக்கு வெளியிலிருந்து வந்தே தமிழியலை வளர்த்தனர். அவர்களுக்கேனும் பதவி இருந்தது. பதவியற்ற அறிவு எண்ணாகிவிடுகிறது.

பெயரை மறைப்பது சில வேளைகளில் பாதுகாப்பு என்பதை மறுக்கவில்லை. அவரவர் விருப்பமே அதைத் தீர்மானிக்க வேண்டும். என் பிழை, நான் கேட்கவே இல்லை என்பது. ஆகவே என் முனைவர் பட்ட ஆய்வில் மூன்று மாற்றங்கள் செய்கிறேன்: பெயர் வெளியிடலாமா என ஒவ்வொருவரிடமும் கேட்பது, பகுப்பாய்வு எவருடையதோ அவரை அந்த இடத்திலேயே சுட்டுவது, அவ்வியலைக் கட்டுரையாக்கும்போது அந்த அம்மாளை இணையாசிரியராகச் சேர்ப்பது. நெறியாளர் தயங்கினார், பின்னர் இசைந்தார்.

சென்ற வாரம் அந்த அம்மாளிடம் சென்று, உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "பேர மட்டும் போட்டா பத்தாது ஏட்டி, எங்க ஊர்ப் பேரயும் சேத்துப் போடு" என்றார். அவ்வாறே செய்யவுள்ளேன். தாதாவிடமும் இப்பதிவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு இதில் பெரிய அக்கறையில்லை. இது நண்டுப் பருவம், அடுத்த ஞாயிறு ஏரிக்கு வர இயலாது என்றார்.

உங்கள் துறைகளில் இவ்வழக்கம் எவ்வாறுள்ளது? தகவலாளரை இணையாசிரியராக ஏற்ற இதழ்கள், பல்கலைக்கழகங்கள் உண்டா? அறிந்தோர் எழுதுக, என் கருத்தில் பிழை கண்டோரும் எழுதுக.